தாழ்ப்பாளுக்கு முந்தைய பக்கம்

புத்தகத்தின் முதுகில் எந்த எண்ணை ஒட்டுவது, கரையானுக்கு என்ன மருந்து அடிப்பது, தொலைத்தவனிடம் எப்படி வசூலிப்பது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. புதிதாக நூலக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உற்சாகமாக ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். என்னிடம் இருக்கிற சரக்கு அவ்வளவு உற்சாகமானதில்லை. பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

முதலில் எங்கள் பக்கத்துப் பந்தியைப் பற்றி ஒரு வார்த்தை. சேலத்துக்கு மேற்கே எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், இலையின் முன் உட்கார்ந்து "போதுமுங்க" என்றால் இன்னொரு கரண்டி விழும். "ஐயோ, வேண்டாமுங்க" என்று இலையை மறைத்தால் கையின் மேலேயே விழும். வேண்டாம் என்று சொல்வது உண்பவனின் மரியாதை. அதைக் கேட்காமல் போடுவது பரிமாறுபவனின் மரியாதை. சாப்பாட்டுக்கு இது நல்ல பழக்கம்தான். எல்லாவற்றையும் பந்தி என்று நினைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை எழுபதுகளின் கடைசியில் என் கண்ணால் பார்த்தேன்.

நாமகிரிப்பேட்டைப் பக்கத்திலிருந்து என்னை அப்போது மாற்றிப் போட்டிருந்தார்கள். ஆட்டையாம்பட்டியிலிருந்து திருச்செங்கோடு போகிற வழியில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். கிளை நூலகம் என்று பலகை மட்டும் பெரிதாக இருக்கும். உள்ளே வாடகை ஓட்டு வீடு, மழை வந்தால் அலமாரிகளை நடு அறைக்கு இழுத்துப் போட வேண்டும். பக்கத்துச் சந்தில் விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் படிக்கப் பழகியவன் எந்தச் சத்தத்திலும் படிப்பான்.

அங்கே ஒரு நாவல் இருந்தது. அட்டை பிய்ந்து போய் சிவப்புக் காலிகோ துணியில் பைண்டு செய்திருந்ததால் பிள்ளைகள் அதைச் "செவப்புப் புஸ்தகம்" என்றே கேட்பார்கள். ஒரே பிரதிதான். சேலத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் ஐம்பதுகளில் அச்சானது, மறுபதிப்பு இல்லை. எழுதியவருக்குப் புனைபெயர். அவர் வேறு எதுவும் எழுதியதாகவும் தெரியவில்லை.

கதை சிக்கலானதல்ல. பதினாறு வயதுப் பையன், அவனைவிட மூன்று வயது மூத்த அக்கா. முன்பாதி முழுக்க இரண்டு பேரும் அடிக்கிற கொட்டம். பக்கத்துக் காட்டுக் கடலைச் செடியைப் பிடுங்கி மாட்டிக்கொள்வது, அப்பாவின் சைக்கிளை எடுத்துப் போய் வாய்க்காலில் விழுவது, அக்கா வாத்தியாரைப் போல நடந்து காட்டுவது. படித்தால் சிரிப்பு வரும். அப்புறம் அவள் வேறு சாதிப் பையனை விரும்புவது தெரிந்து, அப்பாவும் பெரியப்பாவும் அவளைத் தானியம் போடும் அறையில் அடைத்து வெளியே தாழ்ப்பாள் போடுகிறார்கள். ஒரு பிற்பகல் பெரியவர்கள் வெளியே போயிருக்கிறார்கள், அம்மா காட்டில் பருத்தி எடுக்கப் போயிருக்கிறாள். அக்கா உள்ளேயிருந்து தம்பி பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டுகிறாள். பையன் தாழ்ப்பாளில் கை வைக்கிறான். அப்பாவின் கை நினைவுக்கு வருகிறது. கையை எடுத்துவிடுகிறான். பிறகு அவர்களே ஒருநாள் கதவைத் திறந்துவிட, அவள் நேராகக் கிணற்றுக்குப் போகிறாள். தண்ணீர் சேந்தப் போனவள் கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொல்கிறார்கள். பையன் ஊரை விட்டுப் போய்விடுகிறான்.

பெரியவர்கள் அந்த நாவலைப் படித்தால் கிணற்றைப் பற்றிப் பேசுவார்கள். பிள்ளைகள் தாழ்ப்பாளைப் பற்றித்தான் பேசுவார்கள். பத்தாவதில் தோற்றுத் தறிக்குப் போன பையன்கள், வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பெண்கள், தம்பியை அனுப்பி ரகசியமாக வாங்கிப் படித்தவர்கள் எல்லோருக்கும் அந்த இடம் தெரியும். பயத்தில் கையை எடுத்துக்கொண்ட ஒரு நொடி அந்த வயதில் எல்லோருக்கும் இருக்கிறது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. சொல்லியிருக்கிற ஒருத்தனை அவர்கள் அந்தப் புத்தகத்தில் கண்டுபிடித்தார்கள். அது அலமாரியில் படுத்து நான் பார்த்ததில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருந்தது.

எங்கள் நூலகத்துக்குத் தினமும் காலையில் ஒருவர் செய்தித்தாள் படிக்க வருவார். ஊருக்கு வெளியே குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்கிற மரவள்ளித் தோட்டம், கொஞ்சம் கடலைக்காடு. கல்யாணம் செய்துகொள்ளாமல் வயதான அம்மாவுடன் இருந்தார். நாற்பதைத் தாண்டியிருக்கும். இன்றைக்கும் அவரை நான் தோட்டத்துக்காரர் என்றுதான் சொல்வேன். நாவல் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார்.

யாரோ ஒரு புண்ணியவான் சிவப்புப் புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்துக்கொண்டு போய்விட்டான். பிள்ளைகள் வந்து முடிவு என்ன, முடிவு என்ன என்று என்னைக் குடைந்தார்கள். ஒருநாள் காலை நான் வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தபோது, தோட்டத்துக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"பஸ்ஸுல ஏறுவானுங்க. கண்டக்டரு எங்க போகோணும்னு கேப்பாரு. பையனுக்கு ஊரு பேரு எதுவும் வாயில வராது. கடைசி ஸ்டாப்புன்னு சொல்லுவான். அவ்வளவுதானுங்க."

"அடடே, எப்பங்க படிச்சீங்க?"

"படிச்சதில்லீங்க" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பேப்பரை மடித்து வைத்தார். வேறு யாரும் இல்லை. விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது.

"அச்சாகி வந்தப்பறம் நான் அதைத் தொட்டதில்லீங்க" என்றார். "அம்மா இருக்கறாங்க. எழுத்துத் தெரியாதவங்க. அக்கா வழுக்கி விழுந்துச்சுன்னு அப்பா சொன்னதைத்தான் இன்னைக்கும் நம்பீட்டு இருக்கறாங்க. அவங்க இருக்கற வரைக்கும் இது உங்களோட இருக்கோணுமுங்க."

"அப்புறம் எதுக்குங்க எழுதினீங்க?"

"எழுதலைன்னா நானும் அந்தக் கெணத்துக்குள்ளதான் கெடந்திருப்பேன்."

கதையில் வரும் பையன் ஊரை விட்டுப் போனான். இவர் போகவில்லை. அதே வீடு, அதே கிணறு. மோட்டார் போட்டு அதிலிருந்துதான் கிழங்குக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் விழாத கிணறு எந்த ஊரில் இருக்கிறது? படித்தவர்கள் எல்லோரும் அவரவர் ஊர்க் கதை என்றுதான் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த வருடம் பத்தாவது முடித்த ஒரு பெண் அடிக்கடி வந்துகொண்டிருந்தாள். தாய்மாமனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மேசையை விட்டு நகராமல் நின்றாள்.

"எழுதினவரு உசுரோட இருக்கறாருங்களா சார்? அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். அந்தப் பையன் தொறந்து உட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அதோ அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், போய்க் கேள் என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணின் முகம் எப்படி மலரும் என்று கூடத் தோன்றியது. "கேட்டுப் பாக்கலாம் அம்மணி" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் கேள்வியை அவரிடம் கொண்டுபோனேன், கேட்டது யார் என்று சொல்லவில்லை.

"தொறந்திருந்தா போயிருக்கும். எங்கியாச்சும் கஷ்டப்பட்டுட்டு இருந்திருக்கும். வருசத்துக்கொருக்கா காயிதம் போட்டிருக்கும். அப்பாகிட்ட நான் அடி வாங்கியிருப்பேன், நாலு நாள்ல ஆறியிருக்கும். அவ்வளவுதான் ஆயிருக்கும்னு சொல்லுங்க."

சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனாள். எங்கிருந்து பதில் வந்தது என்று அவளும் கேட்கவில்லை. நம் வேலை இதுதான், பிள்ளைகளே. கேள்வியை அந்தப் பக்கம் கொண்டுபோகலாம், பதிலை இந்தப் பக்கம் கொண்டுவரலாம். ஆளை இழுத்துக்கொண்டு வர நமக்கு உரிமை இல்லை.

வாசகர் வட்டத் தலைவர் ஒரு லாரி முதலாளி. நல்ல மனுஷர், அதைச் சொல்லியாக வேண்டும். பள்ளிபாளையத்திலிருந்து காகிதம் ஏற்றிக்கொண்டு சேலத்து அச்சகங்களுக்கு அவர் வண்டிகள் போகும். அப்படி ஒரு நாள் பழைய அச்சகக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில், "அந்த நாவல் எழுதுனது உங்கூருப் பக்கத்துக் கெழங்குத் தோட்டத்துக்காரருதானே" என்று போட்டு உடைத்துவிட்டார். தலைவர் அன்று மாலையே மூச்சு வாங்க என்னிடம் வந்தார்.

"சார், அந்தப் புஸ்தகத்தை நான் படிக்கறப்ப லாரியில கிளீனரு. பெயிலாகி ஊட்டை உட்டு ஓடி வந்தவன். படிச்சு முடிச்சுட்டு அழுதுட்டே ஊடு போய்ச் சேந்தேன். அவரு நம்ம ஊருல இருக்கறாருன்னா சும்மா உட முடியுமா? நூலக வார விழாவுல மேடையேத்திப் பொன்னாடை போத்தறோம். அவரு பேர்ல கட்டடம் கட்ட நானே எடம் தாறேன். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

ஒழுகாத கூரை. ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன், உங்களிடம் மறைக்கவில்லை. "எனக்குப் படிக்கிறவங்களைத்தான் தெரியுமுங்க, எழுதறவங்களைத் தெரியாது" என்றேன். மாவட்டத்து அதிகாரிக்கும் சேதி போய், என்னைக் கூப்பிட்டு, இடம் வருகிற நேரத்தில் முரண்டு பிடிக்காதே, உன்னை மேட்டூர்ப் பக்கம் தள்ளிவிடுவேன் என்றார். அவரிடமும் அதையே சொன்னேன். தலைவர் அதற்கு மேல் என்னைக் கேட்கவில்லை. நேராகத் தோட்டத்துக்காரரையே வழியில் மறித்துக் கேட்டுவிட்டார்.

தோட்டத்துக்காரர் சொன்ன பதில், "அதெல்லாம் வேண்டாமுங்க."

பாருங்கள், பந்தி வந்துவிட்டது. "எழுதினது நான் இல்லீங்க" என்று அவர் சொல்லியிருந்தால் தலைவர் திரும்பியிருப்பார். வேண்டாம் என்றால் எங்கள் ஊரில் அதற்கு அர்த்தமே வேறு. "எத்தனை அடக்கம் பாருங்க சார்! மேடைக்கு வர மாட்டாராம். வர வேண்டாம். நாமளே ஊட்டுக்குப் போயிருவோம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். என் காதுக்கு மட்டும் அது வரவில்லை.

விழா அன்று காலை நூலகத்தில் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன். மேளச் சத்தம் கேட்டது. விழா நடக்கிற பள்ளிக்கூடத்துப் பக்கம் போக வேண்டிய சத்தம் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. வாசலில் நின்ற ஒருவரிடம் கேட்டேன்.

"தோட்டத்துக்குப் போறாங்க. மாலை, பழத்தட்டு, கொழா ரேடியோ கட்டுன காரு, அத்தனையும் போகுதுங்க."

உள்ளே படித்துக்கொண்டிருந்தவர்களை எழுப்பி வெளியே விட்டேன். அதிகாரி வருகிற நாளில், வேலை நேரத்தில் நூலகத்தைப் பூட்டினால் என்ன ஆகும் என்று தெரியும். பூட்டினேன். கார் போகிற மண் சாலை சுற்று வழி. வேலிகளுக்கு நடுவே இட்டேரி என்று ஒரு குறுக்கு வழி உண்டு, வண்டி போகாது. அதில் சைக்கிளை விட்டேன். முள் கிழித்த தழும்பு இன்னும் காலில் இருக்கிறது.

வாசலில் அம்மாவும் மகனும் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு அவரைத் தனியே இழுத்துச் சொன்னேன்.

"நீங்க பின்பக்கமாப் போயிருங்க. நான் சமாளிச்சுக்கறேன்."

அவர் மேளச் சத்தத்தைக் கவனித்தார். அது ஓடைத் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது.

"நான் போயிட்டா அம்மாகிட்டத்தான் சொல்லுவாங்க" என்றார். "கதையைச் சொல்லாத பாராட்டுக் கூட்டம் எங்கீங்க இருக்குது?"

அது உண்மை. மாலை போட்டதும் கதைச் சுருக்கம் சொல்லாமல் நம் ஆட்கள் ஒலிபெருக்கியைக் கீழே வைத்ததில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போக இடமும் இல்லை, நேரமும் இல்லை. கிழவிக்குக் காது நன்றாகக் கேட்கும். "என்ன சாமி, மோளம் நம்ம பக்கம் வருது? ஆரு ஊட்டு விசேசம்?" என்று ஆவலாகக் கேட்டார்.

அவர் போய் அம்மாவின் முன்னால் குந்தினார். ஒரு கடலைக்காயை எடுத்து உரிக்கப் பார்த்து, உரிக்காமல் வைத்தார். நான் அங்கே நின்றிருக்கக் கூடாது. நின்றேன்.

"அம்மா, நான் ரொம்ப நாளைக்கு முந்தி ஒரு புஸ்தகம் எழுதினேன். அக்காளைப் பத்தி. அதுக்குத்தான் வாராங்க. அவங்க சொல்லி நீங்க கேக்கறதுக்கு முன்னால நானே சொல்லீர்றேன். அக்கா வழுக்கி உழுகுல. அன்னைக்கு உள்ளேருந்து கதவைத் தட்டுச்சு. என்ற பேரைச் சொல்லித் தட்டுச்சு. நீங்க காட்டுக்குப் போயிருந்தீங்க. நான்தான் இருந்தேன். நான் தொறந்து உடுலீங்கம்மா."

கிழவியின் கை நின்றுவிட்டது. மடியில் கிடந்த தொலியையெல்லாம் மெதுவாகத் தள்ளிவிட்டார். மகனின் தலையில் கை வைத்தார்.

"நான் காட்டுக்குப் போகுல சாமி. பாதி வழியில திரும்பீட்டேன். ஊட்டுக்குப் பின்னால ஆட்டாங்கல்லுக்கிட்ட உக்கோந்திருந்தேன். தட்டுனது எனக்கும் கேட்டுது."

அதற்குள் மேளம் வாசலுக்கு வந்துவிட்டது. தலைவர் காரிலிருந்து இறங்கி ஓடிவந்து, அழுதுகொண்டிருந்தவரைத் தூக்கி நிறுத்தி மாலையைப் போட்டார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள், கை தட்டினார்கள். தலைவர் ஒலிபெருக்கியில் கதையைச் சொன்னார். தாழ்ப்பாள் வரும் இடத்தில் அவருக்கே குரல் உடைந்தது. அவர் அன்பு பொய்யில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கூட்டத்திலிருந்த பங்காளிகள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கிழவி மட்டும் தூணில் சாய்ந்து முழுவதையும் கேட்டார்.

பெரியப்பாவின் மக்கள் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. கட்டடமும் வரவில்லை; அது வெறும் கதையில்லை என்று புரிந்த நாளிலிருந்து தலைவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நூலகம் பக்கம் வந்தால் என் முகத்தைப் பார்க்க மாட்டார். எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது, பதில் எழுதினேன், அது கிடக்கட்டும். தோட்டத்துக்காரர் செய்தித்தாள் படிக்க வருவதை நிறுத்திவிட்டார். அவருடைய நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தால் எனக்கு எரிச்சல் வந்தது.

தை கழிந்து ஒருநாள் வந்தார். மேசை முன் நின்று, "அந்தச் செவப்புப் புஸ்தகம் வேணுமுங்க" என்றார். "அம்மா படிச்சுக் காட்டச் சொல்றாங்க."

வரிசையில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். நான் அவருக்குக் கொடுத்தேன். கெடு முடிந்து வந்தார், மறுபடி எழுதிக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். அடுத்த முறையும் அதேதான். வந்து கேட்ட பிள்ளைகளிடம் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்றேன். ஒரே பிரதியை ஒருவரிடமே விட்டுவைப்பது விதிப்படி தப்பு. பெரிய தப்பு. அந்தப் பத்தாவது முடித்த பெண் கழுத்தில் புது மஞ்சள் கயிற்றோடு ஒருநாள் வந்தாள். நான் பைண்டிங் கதையைச் சொல்லத் தொடங்கியதும், "எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க சார்" என்றாள். "என்ற மொறை வந்துதுன்னாலும் வேண்டாம். அவங்களே வெச்சுக்கட்டும்." அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

"இத்தனை நாளா எத்தனை தரம் படிச்சுட்டீங்க?" என்று ஒரு தடவை அவரிடம் கேட்டேன்.

"ஒருக்காக்கூட முடிக்கலீங்க. கதவைச் சாத்தற எடத்துக்கு வந்தா, போதும் சாமி, நிறுத்துங்கறாங்க. அடுத்த நாளு மறுபடியும் மொதல்ல இருந்து படிக்கச் சொல்றாங்க. சைக்கிள்ல போய் வாய்க்கால்ல உழுகற எடத்துல சிரிக்கறாங்க. இப்பிடியெல்லாமா பண்ணுனீங்கன்னு கேக்கறாங்க."

போதும் என்றால் போதும் என்று எடுத்துக்கொண்டவரை எங்கள் பக்கத்தில் நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் கிழவி போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் தலை மழித்து, புத்தகத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். முன்பாதித் தாள்கள் எண்ணெயும் அழுக்குமாகத் தடித்திருந்தன. பின்பாதி நான் கொடுத்தபடியே இருந்தது.

"கடைசி வரைக்கும் அக்கா உசுரோடதானுங்க இருந்துச்சு" என்றார்.

அவர் போன பிறகு, புத்தகத்தை யாராவது திருப்பித் தந்துவிட்டார்களா என்று கேட்டுக்கொண்டு ஒரு பையன் வந்தான். எடுத்துக் கொடுத்தேன்.